நோட்டில் 240 மணி நேரம், ஊரில் ஏழு ராத்திரி

முகாமுக்குப் போய் இறங்கிய முதல் நாள் சாயங்காலமே அந்தக் கேள்வி வந்துவிடும். பள்ளிக்கூட வராந்தாவில் பாய், பெட்டியை எல்லாம் அடுக்கிவிட்டு, தண்ணீர் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் குடத்தோடு தெருவில் நிற்கும் பையனைப் பார்த்துத் திண்ணையில் இருக்கும் பாட்டி கேட்பார்: "தம்பி, நீ எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால், "யாரு வீட்டுப் புள்ள?" மூன்றே கேள்வி. பாட்டிக்கு வேண்டிய தகவல் வந்துவிட்டது. அதன் பிறகுதான் குழாயடி எந்தப் பக்கம் என்று கை நீட்டுவார். கையில் சர்வே படிவத்தோடு வந்த பையன் அந்த ஊரைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டான். அதற்குள் ஊர் அவனைப் பற்றி எழுதி முடித்துவிட்டது.

நாட்டு நலப்பணித் திட்டம் என்று முழுப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. என்.எஸ்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா, விளையாட்டா என்று ஒரு தாள் வரும். ஓட முடியாதவர்களும் விறைப்பாக நிற்க முடியாதவர்களும் என்.எஸ்.எஸ்.ஸில் டிக் அடிப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். லட்சியம் என்று ஒன்றும் கிடையாது, என்.சி.சி.க்கு உயரம் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

திட்டத்தின் கணக்கு எளிது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம், ஆக மொத்தம் 240. இதைத் தவிர இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு முறை ஏழு நாள் சிறப்பு முகாம். முன்பு இது பத்து நாளாக இருந்தது. 100 மாணவர்கள் சேர்ந்தால் ஓர் அலகு. அதற்குத் திட்ட அலுவலர் என்று ஒரு பேராசிரியர். பேச்சு வழக்கில் பி.ஓ. முகாமுக்கு அலகில் பாதிப் பேர், அதாவது ஐம்பது பேர், போகலாம். சட்டையில் குத்தும் சின்னம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரத்தைப் பார்த்துச் செய்தது. எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன என்று முதல் கூட்டத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பேனரில் 'எனக்காக அல்ல, உனக்காக' என்று இருக்கும்.

அந்த வாசகத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு சந்தேகம். ஏழு நாளில் ஐம்பது பிள்ளைகள் வந்து கூட்டிப் பெருக்கியதால் மாறிப்போன ஊர் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. போய்வந்த பிள்ளைகள் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றமும் திட்டம் போட்டவர்கள் மனதில் வைத்திருந்த வழியில் நடக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

சுதந்திரம் வந்த கையோடு தொடங்கிய பேச்சு இது. 1948-இல் அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மாணவர்கள் தாங்களாக விரும்பி நாட்டுப்பணி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. 1958-இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு படி மேலே போனார்: பட்டம் வாங்க வேண்டுமென்றால் சமூகப் பணி செய்திருக்க வேண்டும் என்று வைத்தால் என்ன? 1959-இல் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையில் குழு போட்டார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழையப்போகிறவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகப் பணி செய்ய வேண்டும் என்றது குழு. அத்தனை பேருக்கும் சோறு போட்டு, தங்க வைத்து, வேலை கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது? யோசனை கிடப்புக்குப் போனது. 1960-இல் கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் நடைமுறைகளை ஆராய்ந்துவிட்டுக் கட்டாயம் வேண்டாம், விருப்பம் போதும் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் 1962-இல் சீனப் போர். 1963-இல் என்.சி.சி. கல்லூரிகளில் கட்டாயமானது. சில ஆண்டுகளில் அந்தக் கட்டாயம் எல்லோருக்கும் சலித்துவிட்டது. 1968-இல் அதை விலக்கினார்கள். அந்த இடத்தில் வைக்க ஏதாவது வேண்டும் அல்லவா? 1967-இலேயே கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் என்.சி.சி.க்கு மாற்றாக நாட்டு நலப்பணி என்று பேசி வைத்திருந்தார்கள். காந்தி நூற்றாண்டு வந்தது. 1969 செப்டம்பர் 24 அன்று மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இதைத் தொடங்கி வைத்தார். இன்று எண்ணிக்கை 40 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்தது 1965-இல். இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. உலகம் முழுக்க மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இளம் ரத்தத்துக்கு மண்வெட்டியைக் கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஆள்கிறவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. இது என் ஊகம்தான். எந்த ஆணையத்தின் அறிக்கையிலும் இப்படி எழுதியிருக்காது.

முக்கியமான விஷயம், அன்றைய கற்பனையில் இருந்த மாணவன் யார் என்பது. அவன் நகரத்துப் பையன். மின்விசிறிக்கு அடியில் படித்தவன். நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்பான் என்று அவனைக் கிண்டல் செய்வார்கள். அவனைக் கூட்டிப்போய்க் கிராமத்தைக் காட்ட வேண்டும், வியர்க்க வைக்க வேண்டும், 'உண்மையான இந்தியா'வைத் தெரிந்துகொள்ள வைக்க வேண்டும் என்பதே திட்டத்தின் உள்ளே இருக்கும் எண்ணம். 1973-இல் பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்கள் என்று முகாம்கள் நடந்தபோதும் அதே எண்ணம்தான்.

இப்போது தமிழ்நாட்டின் ஒரு கலை அறிவியல் கல்லூரி வாசலில் சாயங்காலம் நாலரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கிராமத்துக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. கல்லூரிக்குப் போகும் வயதில் உள்ளவர்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு மாணவர்கள் உயர்கல்விக்குள் வந்துவிட்ட மாநிலம் இது. வீட்டில் முதல் பட்டதாரி, அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு கிராமத்தில் விட்டு, 'இதோ பார் கிராமம்' என்றால் அவன் என்ன செய்வான்? சிரிப்பான். மண்வெட்டியைப் பிடிக்க அவனுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. எத்தனையோ முகாமில் பி.ஓ.வுக்குத்தான் அவன் கற்றுத்தருகிறான்.

சமையல் கூடாரத்தைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். முகாமுக்கு அரசு தரும் பணம் பல ஆண்டுகளாக ஒரு மாணவருக்கு 450 ரூபாயாக இருந்தது. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 64 ரூபாய். அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு டீ, வண்டி வாடகை, பேனர், மைக் செட். எந்த பி.ஓ.வும் இந்தக் கணக்கைத் தன் கையைக் கடிக்காமல் முடித்ததில்லை. சமையலுக்கு ஆள் வைக்கப் பணம் போதாது. அப்போதுதான் கேட்டரிங் பையன்கள் முன்னுக்கு வருவார்கள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போய் நாள் கூலி வாங்கி, அதில் செமஸ்டர் கட்டணம் கட்டுகிற பையன்கள். வகுப்பில் கடைசி பெஞ்ச். வருகைப் பதிவு எப்போதும் இடிக்கும். ஐம்பது பேருக்கு எத்தனை படி அரிசி, உப்புமாவுக்கு ஒரு பங்கு ரவைக்கு எத்தனை பங்கு தண்ணீர், சாம்பார் நீர்த்துப்போனால் எதைப் போட்டுத் தூக்கிவிடுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவே அதிகாரம் கைமாறிவிடும். முதல் பெஞ்ச் பையன்கள் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முகாமில் அப்படித் தலைமை ஏற்றவன் பெயரை அதற்கு முன் வகுப்பில் பேராசிரியர்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

மூன்றாம் நாளுக்குள் அரிசியும் பருப்பும் இறங்கிவிடும். ஊர் உள்ளே வரும். ஒருவர் ஒரு தார் வாழைக்காயைக் கொண்டுவந்து போடுவார். இன்னொரு வீட்டிலிருந்து மோர். 'புள்ளைங்க உப்புமாவையே தின்னுட்டுக் கிடக்குதுங்க' என்று ஒரு தெருவே சேர்ந்து ஒரு வேளை சாப்பாடு போடும். சேவை செய்யப் போனவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார்கள். யார் யாருக்குச் சேவை செய்தது? அறிக்கையில் இந்தப் பகுதி வராது. எந்தத் தெரு சாப்பாடு போட்டது, எந்தத் தெருச் சாப்பாட்டுக்கு எந்தப் பையன்கள் 'வயிறு சரியில்லை' என்று போகாமல் இருந்தார்கள் என்பதும் வராது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

களப்பணி என்ற பெயரில் நடப்பவற்றில் பலதும் வீண் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. விழிப்புணர்வுப் பேரணி என்று ஒன்று. ஐம்பது பேர் தட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று தெருவைச் சுற்றி வருவது. திறந்தவெளியில் மலம் கழிக்காதீர் என்று கத்திக்கொண்டு போவோம். அன்று காலை நாங்கள் போய்வந்தது கண்மாய்க்கரைக்கு. ஐம்பது பேருக்குப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை போதாது, அதிலும் பாதி பூட்டியிருந்தது, சாவி தலைமையாசிரியரோடு லீவில் போய்விட்டது. தட்டியைப் பார்த்த ஓர் அண்ணன், "காலைல கரையில பார்த்த மாதிரி இருக்கே" என்றார். அதற்கு மேல் கோஷம் எழும்பவில்லை.

மரக்கன்று நடுவதும் இப்படித்தான். விருந்தினர் வருகிற நாளில் நட்டு, தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துவிட்டு வருவோம். மே மாத வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது? அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த அணி நடும். குழி தோண்டும் வேலை மிச்சம். சீமைக்கருவேலம் வெட்டுவது இன்னொன்று. 2017 வாக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவை ஒட்டித் தென் மாவட்டங்களில் எல்லோரும் அரிவாளோடு கிளம்பினார்கள். கல்லூரி முகாம்களும் கிளம்பின. அந்த மரத்தை மேலாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு ஜே.சி.பி. வேண்டும். முள் குத்திய கால்களோடு நாங்கள் செய்தது கவாத்து. ஊர்க்காரர்களுக்கு அது முதல் நாளே தெரியும். தடுக்கவில்லை. விறகு கிடைத்ததே.

கோயிலைச் சுற்றிப் புல் செதுக்கும் வேலைக்கு மட்டும் ஊரில் தனி மரியாதை. அதற்கு 'உழவாரப் பணி' என்ற பெயரையே முகாம் அழைப்பிதழில் போடுவார்கள். அப்பர் கையில் இருக்கும் உழவாரப்படையிலிருந்து வந்த பெயர். ஏழாம் நூற்றாண்டிலேயே கூலியில்லாமல் பொது இடத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்வதற்குத் தமிழில் ஒரு சொல்லும் ஒரு கருவியும் இருந்திருக்கின்றன.

ஊர் தானாக வந்து நிற்கும் நிகழ்ச்சிகள் இரண்டு. ஒன்று கால்நடை மருத்துவ முகாம். மாட்டுக்கு ஊசி என்றால் விடிகாலையிலேயே வரிசை. இன்னொன்று கண் முகாம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக முகாம் நடத்துவதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தது. அப்படிப்பட்ட முகாம்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் பெயர் எழுதவும் மாணவர்கள் நிற்பார்கள். எனக்குக் கிடைத்த வேலை, எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆங்கில E எழுத்தின் கவை நான்கு பக்கமும் திரும்பியிருக்கும் அட்டையைச் சுட்டிக்காட்டுவது. எதிரே இருப்பவர் கவை எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் வலது பக்கமே காட்டினார். தெரியவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்காக பஸ்ஸில் ஏற்றியபோது என் கையை விடவே இல்லை. அந்த ஆண்டு நான் படித்த எந்தப் பாடமும் அந்தப் பிடியின் அளவுக்கு நினைவில் இல்லை.

முகாமுக்கு வெளியே, கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் வேலைகளில் ரத்ததான முகாம் முக்கியம். அதை ஒரு பெண்கள் கூட்டத்தின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார்கள். மேசையில் நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல். அதில் சொட்டை விடுவார்கள். சொட்டு சடாரென்று அடியில் போய்விட்டால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை, தகுதி உண்டு. மிதந்தால் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒன்று மிதக்கும். இன்னொன்று மிதக்கும். அடுத்தது பாதி வரை இறங்கி நின்று, மெல்ல மேலே வரும். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று லேப் டெக்னீஷியன் கேட்பார். காலை ஆறரைக்கு பஸ் ஏறியவள் என்ன சாப்பிட்டிருப்பாள்?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்ணை வகுப்பில் பவர்பாயின்ட்டில் போட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தன் சொட்டு மிதப்பதைப் பார்த்த பெண்ணுக்கு அது சதவீதமாக இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பி.ஓ. அம்மா, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார். தானம் கொடுத்தவர்களின் எண்ணிக்கை அறிக்கைக்குப் போகும். மிதந்தவர்களின் பட்டியல் அவருடைய கைப்பைக்குள். மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கினாயா என்று விரட்டுவார். அவர் செய்கிற இந்த வேலைக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஏழு நாள் முகாம் என்று நான் சொல்வது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் அனுபவம். பல கல்லூரிகளில் மாணவிகள் காலையில் கல்லூரிப் பேருந்தில் ஊருக்குப் போய், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கழிப்பறை இல்லை, பாதுகாப்பு யார் பொறுப்பு, பெற்றோர் விட மாட்டார்கள். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் ஊர் வாயைத் திறப்பது இருட்டிய பிறகு. பகலில் வேலைக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, தெருவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கும். மாணவிகளின் 240 மணி நேரத்தில் அந்த நேரம் இல்லை. நோட்டில் இருவருக்கும் ஒரே கணக்கு.

இனி அந்தத் தெரு விஷயம்.

முகாமில் கிராம வரைபடம் போடுவது என்று ஒரு பயிற்சி உண்டு. 1980-களின் கடைசியில் இந்தியாவில் தொண்டு நிறுவனங்களின் வேலையில் பரவிய முறை அது. நிபுணர்கள் வந்து அளப்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தரையில் உட்கார்ந்து தங்கள் ஊரை வரைவது. நம் பக்கம் அதற்குக் கோலமாவு. பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்து, பெண்களிடம் கோலமாவையும் கலர் பொடியையும் கொடுத்து, "உங்க ஊரைப் போடுங்கக்கா" என்பார் பி.ஓ. முதலில் சிரிப்பு. பிறகு ஒருவர் குனிந்து கோயிலைப் போடுவார். கோயிலிலிருந்து தேரோடும் தெரு. பிறகு கிணறு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி. புளியங்கொட்டை ஒன்றுக்கு ஒரு வீடு. ஒரு மணி நேரத்தில் மைதானம் முழுக்க ஊர். அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்தோம்.

"எல்லாம் வந்துடுச்சா?" என்றார் பி.ஓ. வந்துவிட்டது என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கிழக்கு ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே ஒரு சாலை போட்டிருந்தார்கள். அது மைதானத்தின் வெறும் தரையில் போய் முடிந்தது. அந்தச் சாலையில்தான் நாங்கள் இரண்டு நாளாக சர்வே எடுக்க நடந்துகொண்டிருந்தோம். அங்கே வீடுகள் இருந்தன. கூட்டத்தின் பின்னால் நின்ற ஒரு பெண், "எங்களது வரலையே" என்றார், யாரையும் பார்க்காமல். "அட, காலனியும் போடணுமா? ஊர்னு தானே சொன்னீங்க" என்றார் கோலம் போட்டவர். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு அது ஊரில் சேரவில்லை, அவ்வளவுதான். 'காலனி' என்பது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதல்வர் 2025-இல் சட்டமன்றத்தில் அறிவித்த அதே சொல். ஆவணத்தில் எடுத்துவிடலாம், கோலத்தில் விடுபட்ட இடம் அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற பெண் முன்னால் வரவில்லை. எங்கள் கேட்டரிங் தலைவன் போய்க் குனிந்து, கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி, "அக்கா, சொல்லுங்க, நான் வைக்கிறேன்" என்றான். அவர் சொல்லச் சொல்ல வைத்தான். நாற்பத்தி மூன்று கொட்டை. தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டபோது அவர் காட்டிய இடம் மேற்கே, ஊர்ப்பக்கம் இருந்தது. அன்று இரவு தீப்பந்தம் மாதிரி ஒரு பல்புக்குக் கீழே நடந்த மறுபார்வைக் கூட்டத்தில் பி.ஓ. சொற்பொழிவு ஆற்றவில்லை. முந்தின நாள் அந்தத் தெருவில் போட்ட சாப்பாட்டுக்கு யார் யார் போகவில்லை என்று மட்டும் கேட்டார். கை தூக்கச் சொல்லவில்லை. யாரும் பேசவில்லை. வயிறு சரியில்லாதவர்களில் நானும் ஒருவன்.

இப்படியெல்லாம் நடக்கும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் எழுத முடியாது, எழுதவும் இல்லை. நம் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புக் கட்டமைப்பில் பகுதி 5 என்று ஒன்று இருக்கிறது: விரிவாக்கச் செயல்பாடுகள். பல இடங்களில் மொத்தம் 140 கிரெடிட். அதில் இதற்கு ஒன்று, போனால் போகிறதென்று இரண்டு. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, செஞ்சிலுவை எல்லாம் அந்த ஒற்றைக் கிரெடிட்டுக்குள் அடக்கம். அந்தக் கிரெடிட்டுக்கும் தேவை நோட்டு, கையெழுத்து, தேதி போட்ட போட்டோ. தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் போட்டோக்களின் எண்ணிக்கை கூடும். பேனர் தெரியவில்லை என்றால் மறுபடி கூட்டச் சொல்வார்கள். பெருக்கிய இடத்தையே இரண்டாம் முறை பெருக்கியிருக்கிறோம்.

கொஞ்சம் வேறு மாதிரி யோசித்த இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை லயோலாவில் அவுட்ரீச் என்று இதற்குத் தனித் துறையே இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் ஷெப்பர்ட். பழையது என்றால் காந்திகிராமம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம், 1956-இல் கிராமியக் கல்வி நிலையமானது, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது படிப்பின் ஓர் அங்கமாகவே இருந்துவருகிறது. விருப்பமுள்ள நூறு பேருக்கு என்று இல்லாமல் வகுப்பே போகிறது. பேராசிரியரும் கூடவே பாயில் படுக்கிறார். துறையின் பாடமும் ஊரின் கேள்வியும் ஒரே மேசைக்கு வர இதில் வழி இருக்கிறது. மற்ற கல்லூரிகளில் முகாமில் பார்த்ததைத் திங்கட்கிழமை வகுப்பில் எடுத்துப் பேச ஆளில்லை. வேதியியல் படிப்பவன் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்க்கலாம்; வணிகவியல் படிப்பவள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம். அதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். வேண்டியது ஒன்றுதான்: முகாம் முடிந்த பிறகு, "என்ன பார்த்தாய்?" என்று கேட்க ஒரு பேராசிரியர், அதைக் கேட்க அவருக்கு ஒரு மணி நேரம். நேரு காலத்தில் பேசிய கட்டாயமா விருப்பமா என்ற வாதத்தைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

கிராமத்துப் பையனை இன்னொரு கிராமத்துக்கு அனுப்புவதில் என்ன லாபம் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. சொந்த ஊரில் யாரும் சர்வே எடுப்பதில்லை. சொந்தத் தெருவில் குடத்தோடு நின்று, குழாய் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய தேவை வருவதில்லை. அடுத்த ஊருக்குப் போனால்தான் எந்த வீட்டு வாசல் வரை போகலாம் என்பது யோசிக்க வேண்டிய விஷயமாகிறது.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகி முடிந்த சாயங்காலம், வாசலில் போடுவதற்காக அம்மா வாங்கி வைத்திருந்த கோலமாவை எடுத்து, பின்கட்டுத் தரையில் எங்கள் ஊரைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் கோயில், ஊருணி, எங்கள் தெரு, சித்தப்பா வீடு, தொடக்கப்பள்ளி, ரைஸ்மில். கை தானாகப் போனது. ரைஸ்மில்லைத் தாண்டியதும் நின்றுவிட்டது. தெற்கே பாதை போவது தெரியும். பதினெட்டு வருடம் இருந்த ஊர். அந்தப் பாதையில் நான் போனதில்லை.

"அம்மா, நம்ம காலனியில மொத்தம் எத்தனை வீடு இருக்கும்?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தரையில் இருந்த கோலத்தையும் என்னையும் பார்த்தார்.

"அது எதுக்கு உனக்கு இப்போ?"